வார்ப்பில் கலந்த மருந்து

நீங்கள் பொய் சொன்னீர்கள், சார். எங்கள் சங்கக் கூட்டத்தில், ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, உங்கள் மருந்து எங்கள் தேனீக்களைக் காப்பாற்றியது என்று சொன்னீர்கள். காப்பாற்றியதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் எங்கள் ஊரில் அதற்குப் பொய் என்றுதான் பெயர். நீங்கள் படித்தவர் என்பதால் பெயரை மாற்ற முடியாது.

படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தேனீ வளர்க்கிறவள். சிதறால் மலை தெரிகிற ஒரு சரிவில், ரப்பர் மரங்களுக்கும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்கும் நடுவே, எங்கள் வீடும் என் பெட்டிகளும் இருக்கின்றன. வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். எனக்கு நயமாகப் பேச வராது. இந்த வயதுக்குமேல் பழகப் போவதும் இல்லை.

எங்கள் பக்கம் மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும். அந்தத் தளிரின் காம்பில் இனிப்பாக ஒரு நீர் கசியும். அதைத்தான் ஈக்கள் எடுத்துத் தேனாக்கும். பங்குனி முடியும்வரை கிடைக்கிற அந்தத் தேன்தான் எங்களுக்கு வருடச் சோறு. அதற்குப் பெட்டிகளைப் பெரிய எஸ்டேட்டுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். எஸ்டேட்டில் தனி ஆளை விடமாட்டார்கள். எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கம் சொன்னால்தான் விடுவார்கள். யாருக்கு எந்த இடம் என்று சங்கம் பிரித்துக் கொடுக்கும். என் இடம் ஒரு பாறைக்குக் கீழே, ஓடைப் பக்கம். கல்யாணம் ஆகி வந்த வருடம் முதல் அந்த இடம் எங்களுடையது.

அந்த இடத்தை இப்போது வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சொன்ன காரணம், நான் வேண்டுமென்றே பெட்டிகளைச் சாகவிட்டேன் என்பது. அது உண்மை. வேண்டுமென்றேதான் விட்டேன். அதை மறைக்க இதை நான் எழுதவில்லை.

நோய் வந்தது இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு. ஆனியில் ஒரு பெட்டியைத் திறந்தேன். அடையில் புழுக்கள் தலையை மேலே தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன. ஊசியால் ஒன்றை எடுத்தால் தண்ணீர் நிரப்பிய சின்னப் பைபோலத் தொங்கியது. எங்கள் மூத்தவர்களுக்கு அந்த நோயைத் தெரியும். முன்பு ஒருமுறை வந்து ஊர் ஊராகப் பெட்டிகளைக் காலியாக்கிவிட்டுப் போனதைச் சொல்வார்கள். புழு சாகும், பிறகு பெரிய ஈக்கள் குறையும், ஒரு நாள் மிச்சம் இருக்கிற கூட்டமும் ராணியைக் கூட்டிக்கொண்டு பறந்துவிடும். பெட்டியில் மெழுகுப்புழு மட்டும் நெளியும். ஆடி பிறப்பதற்குள் எங்கள் ஊரில் நோய் இல்லாத வீடு இல்லை.

அப்போதுதான் விவசாயக் கல்லூரியில் இருந்து நீங்கள் வந்தீர்கள். சர்ச்சை ஒட்டிய சபை மண்டபத்தில் கூட்டம். கொட்டுகிற மழை. வாசலில் கழற்றிப் போட்ட உங்கள் ஷூவில் தண்ணீர் நிறைந்து நின்றது. திரும்பும்போது அதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் மாட்டிக்கொண்டு போனீர்கள். நல்ல மனிதர் என்று நினைத்தேன். இப்போதும் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பொய் சொன்னீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அன்று நீங்கள் பேசிய முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம். "இந்த மருந்து வேலை செய்யுமா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்" என்றீர்கள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊருக்கு உரம் விற்க வருகிறவன், இன்ஷூரன்ஸ்காரன், தேர்தலுக்கு வருகிறவன், சுகமளிக்கும் கூட்டம் நடத்த வருகிறவர் என்று எத்தனையோ பேர் வந்து அந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒருவரும் வந்ததில்லை.

பிறகு கேன்களைக் காட்டினீர்கள். பாதி கேனுக்குச் சிவப்பு மூடி, பாதிக்கு வெள்ளை மூடி. ஒன்றில் மருந்து கலந்த சீனிப்பாகு. மற்றதில் வெறும் சீனிப்பாகு. நிறம் ஒன்று, மணம் ஒன்று. எது எதில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது, கல்லூரியில் உங்கள் கூட்டாளி ஒருவருக்கு மட்டும் தெரியும், மழை முடிந்து எல்லாப் பெட்டியையும் பார்த்த பிறகுதான் அவர் சொல்வார் என்றீர்கள். மழைக்காலத்தில் பூ இருக்காது என்பதால் நாங்கள் எப்படியும் தேங்காய்ச் சிரட்டையில் பாகு ஊற்றி வைக்கிறவர்கள்தான். அதற்குப் பதில் இதை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

முன்வரிசையில் இருந்த பால்வெட்டுப் பெரியவர் எழுந்தார்.

"அப்பம் சாரே, பாதி பேருக்கு வெறும் சீனித் தண்ணியா?"

"ஆமாம் ஐயா. ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்."

"எனக்குச் சீனித் தண்ணி கிட்டினா எனக்க ஈ சாவும். இந்தா இருக்கானே, இவனுக்க ஈ பிழைக்கும். அதைக் கண்டு நான் சந்தோசப்படணும். அப்படித்தானே?"

பக்கத்தில் இருந்தவர், "நீரு எனக்க ஈ செத்தா சந்தோசப்படுவீரு ஓய், அதை முதல்ல சொல்லும்" என்றார். மண்டபம் சிரித்தது.

எனக்குப் பின்னால் இருந்த பாட்டியம்மா ஒருத்தி கைதூக்கினாள். கணவன் இல்லாமல் ஐந்தாறு பெட்டி வைத்துப் பிழைக்கிறவள். "எனக்கு மட்டும் நல்லதாட்டுப் பாத்து ஒண்ணு எடுத்துத் தாரும் பிள்ளே."

"எது நல்லதுன்னு எனக்கே தெரியாதும்மா."

"தெரியாதுன்னா பின்ன எதுக்கு இம்புட்டுத் தூரம் மழையில வந்தீரு?"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு கேன் கொடுத்தீர்கள். எனக்கு வெள்ளை மூடி விழுந்தது. பாலத்தில் தண்ணீர் ஏறிவிடும் என்று டிரைவர் அவசரப்படுத்த, கிளம்பிப் போனீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்ததை இப்போது நாலு பேர் அறியச் சொல்கிறேன்.

எங்கள் சங்கச் செயலாளர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை மைனி என்று கூப்பிடுகிறவர். சபையில் வருடத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும்போது இலை இலையாகக் கறி விளம்புவது அவர்தான். அசனம் என்றால் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பணக்காரன், ஏழை என்று இல்லை. ஒரே வார்ப்பில், ஒரே பெரிய பாத்திரத்தில், வெந்ததை ஒரே அளவில் விளம்ப வேண்டும். ஒரு இலையில் எலும்பும் ஒரு இலையில் துண்டும் விழுந்தால் மறு ஞாயிற்றுக்கிழமை சபையில் இரண்டு கட்சி. அதனால்தான் அந்தக் கரண்டியை அவர் கையில் கொடுப்பார்கள். அவர் கை ஏறாது, இறங்காது. அந்த ஒழுங்கின்மேல் எனக்கும் மதிப்பு உண்டு.

அவர் சிவப்பையும் வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது சரியாகாது" என்றார். "நாளைக்கு ஒருத்தனுக்க பெட்டி காலியாச்சுன்னா, செயலாளர் எனக்கு வெள்ளை மூடியத் தந்து ஈயக் கொன்னு போட்டாருன்னு சொல்லுவான். நான் எல்லாருக்கும் பொதுவானவன். பாதி பேருக்குச் சோறு, பாதி பேருக்குத் தண்ணின்னு விளம்ப எனக்கு ஆவாது."

"வார்ப்ப எடுக்கட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

கேலிக்குக் கேட்டதா, நிஜமாகக் கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பேர் அடுக்களைக்குப் போய், நாலு ஆள் குளிக்கலாம் போலிருந்த அந்தப் பெரிய வெண்கல வார்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்கள். சிவப்பு மூடி, வெள்ளை மூடி, ஒவ்வொரு கேனாகத் திறந்து கவிழ்த்தார்கள். பாயசம் கிண்டுகிற துடுப்பால் செயலாளர் கிண்ட ஆரம்பித்தார்.

"ஏலே, எடம் வலமா கிண்டு. அடிப்பிடிச்சிரப் போவுது."

"உப்புப் பாத்தியாடே?"

"அப்பளம் உண்டா?"

எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு மாதமாக இருந்த பயம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. நான் எழுந்து கத்தினேன்.

"நிறுத்துங்க! எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தினா, பின்ன எதப் பாத்து எத அறிவீங்க?"

செயலாளர் கிண்டுவதை நிறுத்தவில்லை. "மைனி, அறிய வேண்டியது அவருக்கு. பிழைக்க வேண்டியது நமக்கு."

அதற்கு அங்கே எல்லாரும் தலையாட்டினார்கள். நான் என் கேனை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"கேன இஞ்ச தாங்க மைனி."

"தரமாட்டேன்."

"உங்களுக்குக் கிட்டினது வெறும் சீனியா இருந்தா?"

"இருந்துட்டுப் போவட்டு."

பாட்டியம்மா என் கையைத் தொட்டாள். "ஏட்டி மக்கா, ஒனக்க பிடிவாதத்துக்கு அந்த வாயில்லா ஜீவன் சாவணுமா?"

கேனைத் தூக்கிக்கொண்டு மழையில் வீட்டுக்கு நடந்தேன். பின்னால் கரண்டியால் அளந்து அளந்து எல்லார் கேனிலும் ஊற்றிக் கொடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் கூடவில்லை, குறையவில்லை. செயலாளர் கையாயிற்றே.

மறுநாள் காலையில் உங்களுக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"எல்லாமேவா?" என்றீர்கள்.

"எல்லாமே. எனக்க ஒரு கேன் தவிர. வார்ப்புல ஊத்திக் கிண்டியாச்சு."

"சரிம்மா. நான் பார்த்துக்கொள்கிறேன். இதை வெளியே பேச வேண்டாம்" என்றீர்கள்.

நான் நம்பினேன். புதுக் கேன்களோடு திரும்ப வருவீர்கள், செயலாளரைக் கூப்பிட்டு விளக்கிச் சொல்வீர்கள், முதலில் இருந்து தொடங்குவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வரவில்லை. ஈக்கள் காத்திருக்காது. அதனால் என் கையில் இருந்ததை வைத்து நானே செய்தேன்.

என்னிடம் பன்னிரண்டு பெட்டி இருந்தது. மூன்று பங்காகப் பிரிக்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரு பங்குக்கு உங்கள் கேனில் இருந்த பாகு. ஒரு பங்குக்கு நான் அடுப்பில் காய்ச்சிய சீனிப்பாகு. மூன்றாவது பங்குக்கு ஒன்றும் கிடையாது. காட்டில் மரப்பொந்தில் இருக்கிற ஈக்கு யார் சீனி கொடுக்கிறார்கள்? அதுபோல இருக்கட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்காரர் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "நம்ம ரெண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்தப்ப, ஒண்ணுக்கு மருந்து குடுத்து ஒண்ணுக்குக் குடுக்காம பாத்தியா பிள்ளே?"

"அது தெரிஞ்ச மருந்து. இது தெரியாத மருந்து."

"அப்பம் தெரிஞ்சவன்கிட்ட கேளு."

"தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்ல. அதுக்குத்தான் இது."

அவர் கத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒனக்கு ஈ வேணுமா, விவரம் வேணுமா?"

அந்தக் கேள்வி சரியான கேள்வி. பரிசோதனை என்று யார் ஆரம்பித்தாலும் ஒரு நாள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டும் வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். எந்தப் பெட்டி எந்தப் பங்கு என்று நான் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதால் சீட்டுப் போட்டு, அவரையே எடுக்கச் சொன்னேன்.

என் பெட்டிகளில் ஒன்று, பழைய பலாமரத்தை முறித்தபோது அதன் பொந்தில் இருந்து நான் கையால் அள்ளிக் கொண்டுவந்த கூட்டம். கறுத்து நீண்ட ராணி. மூடியைத் திறந்தால் கொட்டாது. வாழைப்பூமேல் இருப்பதுபோல அமைதியாக இருக்கும். நோயும் அதில் மற்றதைவிடக் குறைவு. ஒரு தாய்க்கு எல்லாப் பிள்ளையும் ஒன்று என்று சொல்வார்கள். ஈ வளர்க்கிறவளுக்கு அப்படி இல்லை. அந்தப் பெட்டிக்கு விழுந்த சீட்டில் 'ஒன்றும் இல்லை' என்று இருந்தது.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"மாத்து பிள்ளே. யாரு காணப் போறா?"

யாரும் காணப்போவதில்லை. அதுதான் விஷயமே. நான் மாற்றியிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எனக்குப் பிடித்த, பலமான பெட்டியை நானே நல்ல பக்கம் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கம் பிழைத்தால், பாகு பிழைக்க வைத்ததா, என் பிரியம் பிழைக்க வைத்ததா? எனக்கு வேண்டிய பதிலை நானே பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, பிறகு திறந்து அதிசயப்பட வேண்டும். அப்படிச் செய்வதற்குப் பரிசோதனை எதற்கு? நினைத்ததையே நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாமே.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அப்படித்தான் நடத்தினார்கள். நீல லிட்மஸ் தாளை அமிலத்தில் முக்கச் சொன்னார்கள். அந்தப் பாட்டிலில் என்ன தண்ணீர் இருந்ததோ, என் தாள் நிறம் மாறவில்லை. மாறவில்லை என்று எழுதினேன். டீச்சர் ஸ்கேலால் விரல் கணுவில் அடித்து, "புஸ்தகத்துல செவப்புன்னு போட்டிருக்கு, ஒனக்குக் கண்ணு இல்லியா?" என்றார்கள். கண் இருந்ததால்தான் அடி. அன்று முழு வகுப்பும் பார்க்காத சிவப்பை எழுதிக் கொடுத்தது. அந்த வகுப்பில் படித்தவர்கள் சிலர் இன்று நல்ல வேலைகளில் இருக்கிறார்கள்.

நான் சீட்டை மாற்றவில்லை.

ஆவணியில் பலாமரத்துப் பெட்டி நாற ஆரம்பித்தது. தினமும் போய்ப் பார்ப்பேன். ஒரு சிரட்டைப் பாகு வைத்தால் போதும் என்று கை துடிக்கும். பக்கத்துப் பெட்டிக்கு ஊற்றும்போது பார்க்காமல் ஊற்றுவேன். மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், வாசலில் ஈக்கள் கூட்டமாக வந்து நின்றன. எனக்குப் புரிந்துவிட்டது. மொத்தமும் எழும்பி, ஒரு ரப்பர் மரக் கிளையில் கொஞ்ச நேரம் தொங்கி, பிறகு மலைப் பக்கம் போய்விட்டன. நான் அந்த மரத்தடியில் நின்று அழுதேன். பால் வாளியோடு வந்த வீட்டுக்காரர் வாளியை இறக்கி வைத்தார்.

"போயிற்றா?"

"போயிற்று."

கேலி பண்ணுவார் என்று நினைத்தேன். பண்ணவில்லை. காலிப் பெட்டியை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

ஒன்றும் கொடுக்காத பங்கில் ஒரு பெட்டிதான் மிஞ்சியது. கேன் பாகு குடித்தவையும், என் அடுப்புப் பாகு குடித்தவையும் நோயோடு இழுத்துப் பறித்துப் பிழைத்து நின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு ஏமாற்றம். என் கேனில் மருந்து இருக்க வேண்டும், அது ஜெயிக்க வேண்டும், சங்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருந்தது.

இதை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. பன்னிரண்டு பெட்டி என்பது ஒன்றும் இல்லை. இனிப்பு இருக்கிற பெட்டியைப் பக்கத்துப் பெட்டி ஈ கொள்ளையடிக்கும். வாசலைச் சுருக்கி வைத்தும் கொஞ்சம் கலந்திருக்கும். ஒரு பெட்டி நோயால் போனதா, எறும்பால் போனதா என்று எனக்கே நிச்சயம் இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் வந்திருந்தேன். பட்டினிதான் பாதி நோயோ என்று ஒரு சந்தேகம். அதற்கு வெள்ளை மூடிக்குள் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். வெறும் சீனி என்றால் வித்தியாசம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. மருந்து என்றால், சீனிக்குமேல் அது என் பெட்டிகளில் ஒன்றும் செய்யவில்லை.

போன் செய்து கேட்டேன். "இப்போதைக்குச் சொல்ல முடியாதும்மா" என்றீர்கள். அடுத்த தடவை எடுக்கவில்லை. அதற்கடுத்த தடவையும் எடுக்கவில்லை.

மழை போயிற்று. பூ வந்தது. நோய் இறங்கியது. என் வீட்டில் மட்டும் இல்லை, மாவட்டத்தின் இந்தப் பக்கம் முழுவதும், உங்கள் கேனைக் கண்ணால் காணாத ஊர்களிலும் இறங்கியது. உபவாச ஜெபம் நடத்தியவர்கள் ஜெபத்தால் என்றார்கள். பாம்புக் காவில் பால் ஊற்றிய வீட்டார் அதனால் என்றார்கள். செயலாளர் வார்ப்பைத் தட்டிக் காட்டினார். நானும் ஜெபித்தவள்தான். ஆனால் என் ஜெபத்துக்கு நான் பேனர் அடிக்கவில்லை.

நீங்கள் அடித்தீர்கள். அதே மண்டபத்தில், பாராட்டுக் கூட்டம். செயலாளருக்குப் பொன்னாடை. "மருந்து கொடுத்த எல்லாப் பெட்டிகளிலும் நோய் குறைந்திருக்கிறது" என்றீர்கள். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. எல்லாருக்கும்தான் கொடுத்தாயிற்றே. அடுத்த மூச்சில், உங்கள் தேனீக்களைக் காப்பாற்றியது இந்த மருந்துதான் என்றீர்கள்.

நான் எழுந்தேன். "மருந்து குடுக்காத பெட்டியில?"

"கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம் அம்மா."

கடைசியில் டீயும் வடையும்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. வடைக்கு முன்னால் நான் போய் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். மூன்று பங்கையும் சொன்னேன். ஒன்றும் கொடுக்காத பெட்டிகள் போனதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

"சாக விட்டியா?" என்று ஒரு குரல்.

"விட்டேன்."

"பட்டினி போட்டு?"

"ஒண்ணும் குடுக்காம."

செயலாளர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மைனி, இத எதுக்குச் சொன்னீங்க? யாரு கேட்டா?" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை; எனக்காக வருத்தம் இருந்தது. அதற்குள் பின்வரிசையில் ஒருவர், "ஈயக் கொன்னவளுக்கு எஸ்டேட்டுல எடமா? நாளைக்கு அவளுக்க நோய் நம்ம பெட்டிக்கு வரும்" என்றார். கைகள் எழும்பின. வார்ப்பில் ஊற்ற வேண்டாம் என்று நான் கத்தியபோது எழும்பாத கைகள். பாட்டியம்மாவின் கையும் எழும்பியது. வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்: "அது எனக்க பெண்டாட்டிக்க ஈ. உங்க ஈ இல்ல." யாரும் கேட்கவில்லை. என் இடம் போயிற்று.

நீங்கள் மேடையில் இருந்தீர்கள். வார்ப்பு விஷயம் உங்களுக்குத் தெரியும். நானே சொன்னேன். "அந்த அம்மா செய்ததுதான் நான் உங்களைச் செய்யச் சொன்னது, நீங்கள் செய்யவில்லை, அவர் செய்தார்" என்று சங்கத்தாரிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தக் கைகளில் பாதி இறங்கியிருக்கும். நீங்கள் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

செயலாளர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒரு பந்தியைப் பார்த்தார், பந்தி தர்மப்படி விளம்பினார். பரிசோதனை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு வந்து சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். தெரியாது என்று ஆரம்பிக்கிறவன், தெரியவில்லை என்று முடிக்கவும் துணிய வேண்டும். அந்த வருடம் உங்களுக்குச் சொல்ல இருந்த நேர்மையான வாக்கியம், சோதனை நடக்கவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டும்தான். அதற்குப் பொன்னாடை கிடைக்காது. அவ்வளவுதானே நஷ்டம்?

நான் கொடுமைக்காரியா என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். நாலு பெட்டியைப் பட்டினி போட்டேன். அது என் கணக்கில் இருக்கட்டும். அதற்கு நான் பதில் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் எதையோ கலக்கி எல்லாருக்கும் ஊற்றி, பிழைத்தால் மருந்தால் என்றும் செத்தால் விதியால் என்றும் சொல்லிக்கொண்டு, எதனால் என்று ஒருநாளும் அறியாமல், ஊர் ஊராகப் பெட்டி காலியாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எல்லாரும் இரக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். நோய் திரும்ப வரும். வரும்போது எங்கள் கையில் என்ன இருக்கிறது? ஒரு துடுப்பு இருக்கிறது.

வருகிற பொதுக்குழுவில் நீங்கள்தான் சிறப்பு விருந்தினர் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இந்த வருடம் எல்லாருக்கும் மருந்து கொடுக்கப் போகிறீர்களாம். எஸ்டேட் இடப் பட்டியலையும் அன்றுதான் வாசிக்கிறார்கள். என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. நான் வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். போனிலும் வேண்டாம். வெளியே பேச வேண்டாம் என்று ஒருமுறை நீங்கள் சொன்னதைக் கேட்டது போதும்.

ஒலிபெருக்கி உங்கள் கைக்கு வரும்போது, என் வீட்டுக்காரரும் செயலாளரும் பாட்டியம்மாவும் கேட்க, பதில் சொல்லுங்கள், சார். மருந்து கொடுக்காத எந்தப் பெட்டியோடு ஒப்பிட்டு, உங்கள் மருந்து வேலை செய்தது என்று சொன்னீர்கள்?